பிச்சாவரம்: நடுவில் காய்ந்த காடு திரும்பி வந்தது எப்படி?

உப்புநீரில் வளரும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு ஏறிப் போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் ஓடையின் இரண்டு பக்கமும் நிற்கும் பச்சைச் சுவரைத்தான். சுரபுன்னை தன் ஊன்று வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நிற்கும், குறுகலான இடங்களில் கிளை தலையைத் தொடும், கொக்கும் மீன்கொத்தியும் கண்ணில் படும், கொஞ்ச நேரத்தில் கரைக்குத் திரும்பிவிடுவோம். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. 1980-களில் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தால் பல இடங்களில் மரமே இருந்திருக்காது. வெடித்துக் கிடக்கும் சேறு, மேலே வெள்ளையாகப் பூத்த உப்பு, அங்கங்கே கொஞ்சம் உமரிச் செடி, அவ்வளவுதான்.

ஓடைக்கரை செழிப்பாக இருக்க, நடுக்காடு மட்டும் ஏன் செத்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. விடை தெரிந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த விடையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கன்று நட்டால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம், அதனால்தான் இதை முழுதாக எழுத வேண்டும் என்று பட்டது.

முதலில் இடம். கடலூர் மாவட்டம், சிதம்பரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர், கிள்ளையை ஒட்டிய காயல் பகுதி. வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிறது, தெற்கே கொள்ளிடம் சேர்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஓடைகளும் திட்டுகளுமாகப் பின்னிக் கிடப்பதுதான் பிச்சாவரம். சின்னவாய்க்கால் என்ற முகத்துவாரம் வழியாக நேரடியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. 2022-ல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். இதில் முழுவதும் மரம் என்று நினைத்துவிட வேண்டாம், கணிசமான பகுதி தண்ணீரும் சேற்றுவெளியும்தான், அவையும் காட்டின் உறுப்புகளே.

பழி யார் மேல் விழுந்தது

காடு நடுவில் காய்கிறது என்று தெரிந்ததும் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்களைத்தான் கை காட்டினார்கள். மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், மீன்பிடிக்க உள்ளே நுழைகிறார்கள் என்று. கேட்கச் சரி மாதிரித்தான் இருக்கும். மாடு மேய்ந்தது உண்மை, விறகு எடுத்ததும் உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள், விறகு வெட்ட வருகிறவன் கைக்கெட்டும் ஓடைக்கரை மரத்தை விட்டுவிட்டு முட்டளவு சேற்றில் நடந்து நடுக்காட்டுக்குப் போய் ஏன் வெட்டப்போகிறான்? கரையோரம் நன்றாக இருந்து நடு செத்திருக்கிறது என்றால் அது ஆள் வெட்டின தடயமாக இருக்க முடியாது.

சென்னையில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 1990-களின் தொடக்கத்தில் வனத்துறையோடு சேர்ந்து இதை ஆராய இறங்கியது. பழைய வன நிர்வாகப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது வேறு கதை வந்தது. பிரிட்டிஷ் காலத்தில் ஆரம்பித்து 1970-களின் நடுப்பகுதி வரை இந்தக் காட்டை விறகுக்காகப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சுழற்சி முறையில் ஒவ்வொரு பாத்தியையும் மொத்தமாக மொட்டையடித்திருக்கிறார்கள். வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானாக வளர்ந்துவிடும், அப்புறம் மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. தரைக் காடுகளில் இது ஓரளவு நடக்கும். இங்கே நடக்கவில்லை.

மண் இறங்கிய விதம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

அலையாத்திக் காட்டு மண் நுண்ணிய களிமண், இலையும் வேரும் மக்கிய சத்து நிறைந்தது, எப்போதும் ஈரத்தில் ஊறி உப்பியிருப்பது. மரம் நிற்கும்வரை நிழல் இருக்கும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும். மொத்தமாக வெட்டிவிட்டால் சேறு நேராக வெயிலுக்கு வருகிறது. சித்திரை வைகாசி வெயிலில் ஈரம் போகப் போகக் களிமண் சுருங்குகிறது, உள்ளே மக்காமல் இருந்ததும் மக்கிக் கரைகிறது, மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. ஓடைக்கரையிலோ ஓடைநீர் தினமும் வந்து நனைத்துப் போவதால் மட்டம் அப்படியே நிற்கிறது. கடைசியில் விளிம்பு உயர்ந்து, நடு தாழ்ந்து, ஒவ்வொரு பாத்தியும் ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிடுகிறது.

கடல் பொங்கி வரும் பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது. கடல் இறங்கும் வற்றத்தின்போது அது வெளியே போக வழியில்லை. தேங்கி நிற்கும் நீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு மட்டும் மிச்சம். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் நீர், இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே போய்ப் போய் மண்ணின் உப்பு கடலின் உப்பையே தாண்டிவிடுகிறது. கடல்நீரைத் தாங்கக்கூடிய மரம்கூடத் தாங்க முடியாத உப்பு அது. பக்கத்து மரத்திலிருந்து மிதந்து வரும் விதை அங்கே விழுந்து முளைவிட்டாலும் வெயில் காலத்தைத் தாண்டாது.

பத்து இருபது சென்டிமீட்டர் பள்ளத்துக்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். சுந்தரவனத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே பல மீட்டர் வித்தியாசம் இருக்கும், அங்கே இப்படி ஒரு பள்ளம் பொருட்டே கிடையாது, அலை அடித்துக் கழுவிவிட்டுப் போய்விடும். நம் சோழமண்டலக் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நீர் ஏறுவதே கொஞ்சம்தான் என்னும்போது மண் சாண் அளவு இறங்கினாலே காட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வெளியூர்ப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாய்க்கால்

காரணம் தெரிந்ததும் வைத்தியம் எளிதாகிவிட்டது, எளிது என்றால் யோசனை எளிது, வேலை எளிதில்லை. உள்ளே போன நீர் வெளியே வர வழி வேண்டும். அதற்கு ஓடையிலிருந்து பாத்தியின் நடு வழியாக ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி தெரிவதால் மீன்முள் வாய்க்கால் முறை என்றே பெயராகிவிட்டது. தோண்டுவதற்கு முன் மட்டம் பார்த்து வரைபடம் போட வேண்டும், எங்கே உயரம் எங்கே பள்ளம் என்று தெரியாமல் தோண்டினால் வாய்க்காலிலேயே நீர் தேங்கும். அடிப்பகுதி ஓடையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், கரைகள் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு சரிந்து விழுந்து தூர்ந்துவிடும். எல்லாம் ஆட்கள் மண்வெட்டியோடு சேற்றில் நின்று செய்த வேலை.

வாய்க்கால் வெட்டி ஏற்றமும் வற்றமும் தினமும் உள்ளே வந்து போக ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டுக் குறைகிறது. அதற்கு அப்புறம்தான் நடவு. அதுவும் வாய்க்காலின் அடியிலும் இல்லை, மேட்டிலும் இல்லை, சரிவின் நடுவில். அடியில் நட்டால் மூழ்கிப்போகும், மேட்டில் நட்டால் நீர் எட்டாது. பெரும்பாலும் வெண்கண்டல் நட்டார்கள், உப்பைத் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. வெண்கண்டல் இலையைத் திருப்பி வெயில் நேரத்தில் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உள்ளே போன உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும் மரம் அது. மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே தலையை நீட்டிச் சுவாசிக்கின்றன. ஒரு வாய்க்கால் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கரையில் இந்த மூச்சு வேர்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று பார்த்தாலே போதும், கருவி எதுவும் வேண்டாம்.

1993-ல் ஒரு சின்னப் பரப்பில் சோதனையாக ஆரம்பித்து, 1996-க்கு மேல் கிராம மக்களையும் சேர்த்துக்கொண்டு பெரிதாக்கினார்கள். பிச்சாவரத்தில் மட்டும் ஏறத்தாழ 300 ஹெக்டேர் இப்படி மீண்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அதே நிறுவனத்தின் வி. செல்வமும் அவர் குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, பதினைந்து ஆண்டு இடைவெளியில் காட்டின் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகச் சொல்கிறது. இந்தியாவில் ஒரு காடு ஆவணங்களில் மட்டும் வளராமல் வானத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வளர்ந்த சில இடங்களில் இதுவும் ஒன்று. முத்துப்பேட்டையிலும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் ஒடிசாவிலும் இதே முறை பிறகு போனது.

ஆட்கள் இல்லாமல் நடந்திருக்குமா

நடந்திருக்காது என்பது என் எண்ணம். வாய்க்கால் வெட்டினால் போதாது, முதல் சில ஆண்டுகளாவது வருடா வருடம் தூர் வார வேண்டும், நட்ட கன்றை மாடு கடிக்காமல் பார்க்க வேண்டும். இதைச் சென்னையிலிருந்து யாரும் வந்து செய்ய முடியாது. கிராமம்தோறும் மன்றம் அமைத்து, யார் எங்கே மேய்க்கலாம், எந்தப் பகுதியை எத்தனை வருடம் விட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவானது. பழி சுமத்தப்பட்டவர்களே காவலர்களானார்கள்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியவர்கள் கிள்ளைப் பக்கத்து இருளர்கள். எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருப்பவர்கள், வலையோ படகோ பெரிதாகக் கிடையாது. ஓடையில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில். காட்டில் இறால் இருந்தால் இவர்கள் வீட்டில் அடுப்பு எரியும், அவ்வளவு நேரடியான கணக்கு. கடலில் பிறக்கும் வெள்ளை இறால் குஞ்சாக இருக்கும்போதே காயலுக்குள் வந்து வேர்களுக்கு நடுவில் வளர்ந்து பிறகு கடலுக்குத் திரும்புகிறது, அதனால் காடு செத்தால் ஓடையில் தடவுகிறவருக்கும் நஷ்டம், கடலில் வலை விரிப்பவருக்கும் நஷ்டம். இருளர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. காட்டைக் காப்பாற்றும் திட்டம் என்று வந்தவர்கள் சான்றிதழுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் சேர்த்து ஓடவேண்டி வந்தது. அது திட்டத்துக்கு வெளியே உள்ள வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நாளைய கஞ்சிக்கு வழி தெரியாதவரிடம் பத்து வருடம் கழித்து வளரும் மரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

26 டிசம்பர் 2004

சுனாமி வந்தபோது மணல்திட்டில் கடலைப் பார்த்தபடி இருந்த ஊர்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன, எம்.ஜி.ஆர். திட்டு அதில் ஒன்று. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிய அளவில் தப்பின. அடுத்த ஆண்டே கடலூர் மாவட்டத்தை வைத்து வந்த ஆய்வுகள் கரையோர மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன என்று எழுதின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் க. கதிரேசனும் உடன் ஆய்வாளரும் பரங்கிப்பேட்டை கரையில் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு இதே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் 2006-ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே பெரும்பாலான வித்தியாசத்தை விளக்கிவிடுகிறது என்று மறுத்தார்கள்.

இந்த மறுப்பை யாரும் மேடையில் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். காடு இருக்கிறது என்ற தைரியத்தில் தாழ்வான கரையில் வீடு கட்டிக் குடியேற்றினால் அடுத்த முறை உயிர் போகும். புயல் அலையையும் கரை அரிப்பையும் அலையாத்திக் காடு தணிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த நம் மாவட்டத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டின் மதிப்பைச் சொல்ல அதற்கு இல்லாத சக்தியை ஏற்றிச் சொல்ல அவசியமே கிடையாது, அவ்வளவுதான்.

இப்போது மாறிக்கொண்டிருப்பது

வாய்க்கால் வெட்டியது உப்புநீர் தேங்கும் பிரச்சினையைத் தீர்த்தது. நல்ல தண்ணீர் வராத பிரச்சினையை அதனால் தீர்க்க முடியாது.

அலையாத்திக் காடு கடல்நீரில் மட்டும் வாழ்வது இல்லை. கடலும் ஆறும் கலக்கும் இடம் அதற்கு வேண்டும். பிச்சாவரத்துக்கு நல்ல நீர் வருவது கொள்ளிடம், வெள்ளாறு, அப்புறம் கான் சாகிப் வாய்க்கால் போன்ற பாசன வடிகால்கள் வழியாக. 1934-ல் மேட்டூர் அணை வந்தது, மேலே இன்னும் பல அணைகள் வந்தன, கீழணையில் திரும்பும் நீர் வீராணத்துக்குப் போகிறது, வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. கொள்ளிடத்தில் வெள்ளக் காலத்தில் மட்டும்தான் தண்ணீர். ஐப்பசி கார்த்திகை மழை தவறினால் மறுபடி அடுத்த மழைவரை காட்டுக்கு உப்பு மட்டும்தான்.

இதன் விளைவு காட்டின் உள்ளே யார் மிஞ்சுகிறார்கள் என்பதில் தெரிகிறது. நல்ல நீர் அதிகம் கேட்கும் கண்டீலியா, சைலோகார்பஸ் போன்ற மரங்கள் பழைய தாவரப் பட்டியலில் இருக்கின்றன, இப்போது இங்கே இல்லை. வெண்கண்டல் எங்கும் பரவி நிற்கிறது. தில்லை மரம் கொஞ்சம் இருக்கிறது. சிதம்பரம் கோயிலின் தல மரம் அது, இன்று ஊருக்குள் காணக் கிடைக்காத மரத்தைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் காடு பச்சையாகத்தான் தெரியும், பரப்பும் குறையாது, ஆனால் பத்து வகை நின்ற இடத்தில் ஒரு வகை நிற்கிறது என்பதைப் படம் காட்டாது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் நண்டும் இறாலும் எல்லாம் அந்தக் கலவையை நம்பித்தான் வருகின்றன.

2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்து முக்கொம்பில் மதகுகள் உடைந்தபோது, இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே என்று எல்லோரும் வருத்தப்பட்டோம். டெல்டா விவசாயியின் வருத்தம் நியாயமானது, அதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். கொள்ளிடத்தில் கடல்நீர் மேலேறி கிணறு உப்பானதைப் பார்த்தவர்கள் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையை வரவேற்றதும் நியாயம்தான். ஆனால் அந்த வெள்ளம்தான் உப்பைக் கழுவி, வண்டலைக் கொண்டுவந்து, மண் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போகிறது. கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது காடு மூழ்காமல் இருக்க அதற்குக் கிடைக்கும் முக்கியமான படி அந்த வண்டல். ஒவ்வொரு அணையிலும் இவ்வளவு பாசனத்துக்கு, இவ்வளவு குடிநீருக்கு என்று ஒதுக்கீடு எழுதும்போது கழிமுகத்துக்கு என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இதுவரை அந்த வரி மிச்சம் இருந்தால் என்ற அளவில்தான் இருக்கிறது.

அப்புறம் நடவு. 2023 மத்திய பட்ஜெட்டில் அலையாத்திக்கென்றே மிஷ்டி திட்டத்தை அறிவித்தார்கள், மாநிலத்திலும் கடலோர மீட்புக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் இத்தனை லட்சம் கன்று என்று இலக்கு வைத்தால் நடுவதற்கு எளிதான இடத்தில் நடுவார்கள், அது பெரும்பாலும் பறவைகள் இரை தேடும் திறந்த சேற்றுவெளியாக இருக்கும். உள்ளானும் மற்றக் கரைப்பறவைகளும் இறங்கும் சேறு வெறும் நிலம் கிடையாது, அங்கே மரம் நட்டால் காடும் வராது, பறவையும் போய்விடும். பிச்சாவரம் காட்டிக்கொடுத்தது என்னவென்றால், நீர் வந்து போனால் விதை தானே வந்து சேரும். பணத்தை மட்டம் பார்ப்பதற்கும் பழைய வாய்க்கால்களைத் தூர் வாருவதற்கும் சின்னவாய்க்கால் முகத்துவாரம் மணல் மூடாமல் பார்ப்பதற்கும் முதலில் செலவழிக்க வேண்டும். முகத்துவாரம் அடைத்தால் மீன்முள் வாய்க்கால் அத்தனையும் வெறும் பள்ளம்தான், படகுக்காரர்களுக்கும் கடலுக்குப் போக வழி இருக்காது.

மீதி இருப்பது இடம். கடல் ஏறினால் அலையாத்தி மேற்கே நகர வேண்டும், இயல்பாக அது நகரக்கூடியதுதான். ஆனால் மேற்கே நெல் வயல், சாலை, இறால் பண்ணைக் கரைகள். 1990-களில் இந்தக் கரை முழுக்க இறால் பண்ணை பரவி, காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடி, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கலாம். கைவிடப்பட்ட பண்ணைக் குட்டைகள் கடலூர், நாகை கரையில் இன்னும் இருக்கின்றன, கரையை உடைத்து ஏற்றவற்றம் உள்ளே போக விட்டால் காடு நகர்ந்து வர அவற்றைவிடத் தோதான இடம் கிடையாது. அந்த நிலங்களில் எது பட்டா, எது புறம்போக்கு, எந்தக் குட்டை எந்த ஓடையோடு சேரும் என்று கிராமம் கிராமமாக ஒரு வரைபடம் போடுவதுதான் அடுத்த வேலை. அது வனத்துறை மட்டும் செய்யக்கூடியது இல்லை, வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் மீன்வளத்துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் ஓடையை அறிந்தவர்களையும் அந்த மேஜைக்குக் கூப்பிட வேண்டும்.